புறங்காட்டி நின்ற படகோட்டி



நாளும் இடமும் முன்கூட்டிக் குறித்து, ஒத்த கருவியேந்தி, இரு தரப்புத் துணையாட்கள் முன்னிலையில் இருவர் மட்டும் மோதிக்கொள்வது துவந்த யுத்தம் எனப்படும். நடந்து முடிந்த ஒன்றை அக்கால உடையிலும் முறையிலும் மறுபடி நடித்துக் காட்டுவது மீள்நிகழ்த்துகை எனப்படும். இவ்விரண்டும் கூடிய காட்சியை அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து வீஹாக்கன் நகரம் 2004 ஜூலை 11 அன்று கண்டது. அதற்குச் சரியாக 200 ஆண்டுகளுக்கு முன், பதவியிலிருந்த துணைக் குடியரசுத் தலைவர் ஆரன் பர், நாட்டின் முதல் நிதியமைச்சராக விளங்கிய அலெக்சாண்டர் ஹாமில்டனை அங்கே சுட்டு வீழ்த்தியதை, அவ்விரு குடும்ப வழிவந்தோரே எதிரெதிர் நின்று நடித்துக் காட்ட, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிப் பார்த்தனர். பாட்டன்மார் பகையை உயிர்ச்சேதமின்றி முடித்துவைத்த அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு இவ்வவையின் கைத்தட்டல் போய்ச் சேரட்டும்!

அப்பகையின் வேர் ஒரு சொல். 1804 ஏப்ரலில் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் பர் தோற்றார். ஒரு விருந்தில் ஹாமில்டன் அவரை இழிவாகப் பேசியதாக மூன்றாமவர் ஒருவர் எழுதிய கடிதம் ஆல்பனி நகர இதழில் அச்சேற, விளக்கம் கேட்டு மடல், அதற்கு மறுமடல், அதற்கும் ஒரு மறுமடல் என வளர்ந்து கைத்துப்பாக்கியில் முடிந்தது. பேசியவர் மாண்டார், கேட்டவர் பெயர் கெட்டது, கொளுத்திப் போட்டவருக்கோ ஒரு கீறலும் இல்லை. அந்த இனம் அமெரிக்காவில் மட்டுமே விளைவது என்று எவரும் எண்ண வேண்டா. இரு புலவரை மோதவிட்டு, இருவருக்குமான இரங்கல் கூட்டத்திலும் தலைமை நாற்காலியை முதல் ஆளாய் வந்து பிடிக்கும் பெருமக்கள் இலக்கிய மேடைகளிலும் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லத் தேவையில்லை, அவையின் சிரிப்பே சொல்லிவிட்டது!

ஆயினும் இவ்வுரைக்கு உரியவன், துடுப்பு வலித்து அவர்களை ஆற்றின் வழியே வீஹாக்கனுக்குக் கொண்டுவந்த படகோட்டி. நியூயார்க், நியூ ஜெர்சி இரண்டிலுமே துவந்த யுத்தம் சட்டப்படி குற்றம். ஆகவே நாளை மன்றத்தில் ஆயுதத்தைக் காணவில்லை என்று சத்தியம் செய்ய ஏதுவாகத் துப்பாக்கிகள் பெட்டிக்குள் மறைக்கப்பட, படகோட்டிகள் முதுகைத் திருப்பி நின்றனர். பத்துத் தப்படி இடைவெளியில் வெடித்த இரு வேட்டுகளில், ஹாமில்டனின் குண்டு பரின் தலைக்கு மேலிருந்த மரக்கிளையில் பட்டது. பரின் குண்டு ஹாமில்டனின் வலது இடுப்புக்கு மேல் பாய்ந்து கல்லீரலைத் துளைத்து முதுகெலும்பில் தங்கியது. முதலில் சுட்டவர் யார் என்பதில், கண்திறந்து நின்ற துணையாட்களான பெண்டில்டனும் வான் நெஸ்ஸும் ஒத்துப்போகவில்லை. குருதி வடிந்தவரை ஹட்சன் ஆற்றைக் கடத்தி மன்ஹாட்டனில் சேர்த்தது, எதையும் பாராதிருக்கப் பணிக்கப்பட்டவனின் கை. மறுநாள் பிற்பகல் ஹாமில்டன் உயிர் நீத்தார்.

ஹாமில்டனுக்கு வீஹாக்கனின் பாறை மேட்டில் மார்பளவுச் சிலை எழுந்தது. பர் கொலைக்குற்றம் சாட்டப்பட்டும் விசாரணைக்கு நிற்காமல் பதவிக்காலத்தை முடித்தார். படகோட்டிக்கு வாய்த்தது என்ன? முதுகுப் புண்ணை இழிவென்று பாடிய புறநானூற்று மரபில் வந்தோர்க்குப் புறங்காட்டியவனைப் போற்றுவது முரணாகத் தோன்றலாம். போர்க்களத்தில் புறங்காட்டுபவன் தன்னுயிருக்கு அஞ்சியவன். வீஹாக்கனில் புறங்காட்டியவனோ பெரியோரின் குற்றத்தை மறைக்கத் திருப்பி நிறுத்தப்பட்டவன். இரண்டு துப்பாக்கி இருந்தால் வரலாற்றை நடித்துவிடலாம் என்று எண்ணும் குழுக்கள் இனிப் படகோட்டிக்கும் ஓர் ஆளை நிறுத்தட்டும். வேட்டுச் சத்தம் எழுமுன் அந்த முதுகைத்தான் பார்வையாளர் பார்க்க வேண்டும்.