எது ஆடம்பரம்?



இளைஞர் ஆடம்பரப் பிரியர் என்று நாம் அடிக்கடி கேட்கின்றோம். கைத்தொலைபேசி வாங்கச் சீட்டை முந்தி எடுக்கின்றோமாம். உண்மைதான். பத்துப்பேர் மாதம் 10,000 ரூபா கட்டும் சீட்டை முதல் மாதமே 15,000 கழித்து எடுப்பவன் பெறுவது 85,000. எடுத்தவர் முழுத்தவணையும் கட்டும் முறையில், அவன் கட்டி முடிப்பதோ 100,000. கழிவு, பொறுத்திருப்போருக்குப் பங்காகும். அதனாற்றான் சீட்டிலே எவரும் நம்மைத் தடுப்பதில்லை போலும்!

ஆயின், கலியாணத்திற்கு 11 பவுணில் தாலிக்கொடி செய்வது ஆடம்பரமன்றா? "அது முதல், அவசரத்துக்கு ஈடு வைக்கலாம்" என்பர் தாய்மார். நியாயமுண்டு. 2022இல் ரூபாவின் மதிப்புச் சரிந்தபோது வங்கிப் பணம் தேய்ந்தது, பொன் தேயவில்லை. ஆனால் விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருவதில்லை. ஈடு வைத்தால் வட்டி ஏறும். அதுவும் கடன்பட்டு வாங்கிய பொன்னென்றால்? நாலுபேர் மெச்சக் கூட்டிய பவுண்களின் கடனைத் தீர்க்க, படிப்பை விட்டு மத்திய கிழக்குக்குச் சென்ற தமையன்மார் நம்முட் பலர்க்கு உளர்.

ஆகவே ஓர் உடன்படிக்கைக்கு நாம் ஆயத்தம். தொலைபேசிக்காகச் சீட்டைக் கழித்து எடுக்கமாட்டோம். கடைசித் தவணைவரை பொறுப்போம். பெரியோர்களே, கடன்படாமற் செய்யக்கூடிய அளவுக்குக் கொடியின் பவுணை நீங்கள் குறைப்பீர்களா?