முழுசாகப் படித்துவிட்டு வையுங்கள்



நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, இதயம் வீங்கிச் செயலிழந்த நெசவாளர் ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணையில் சாய்ந்தபடியே இரவைக் கழிப்பார். "தம்பி, ஒரு ராத்திரி படுத்துத் தூங்க வழி இருக்கா?" என்று கேட்டார். எங்களிடம் வழியில்லை. அவர் இறந்த மறுநாள் கேஸ் ஷீட்டைக் கட்டிவைக்கப் போனேன். "முழுசாப் படிச்சிட்டு வை" என்றார் என் பேராசிரியர். இதய மாற்று சிகிச்சைக்கு என்னை இழுத்துவந்தது அந்தச் சொல்தான்.

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். 1968 பிப்ரவரியில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் செய்தார், நோயாளிக்குச் சில மணி நேரமே கிடைத்தது. அந்த ஓராண்டில் உலகெங்கும் சுமார் நூறு அறுவைகள். பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் கைவிட்டார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வே கைவிடவில்லை. இறந்தவர்கள் ஏன் இறந்தார்கள் என்று தேடிக்கொண்டே இருந்தார். புது இதயத்தை உடல் எதிர்ப்பது வெளியே தெரிவதற்குள் காலம் கடந்துவிடும் என்பதுதான் சிக்கல். 1973இல் அவர் குழுவின் பிலிப் கேவ்ஸ், கழுத்துச் சிரை வழியே கருவியைச் செலுத்தி, இதயத்தின் வலது கீழறையிலிருந்து அரிசி நொய் அளவு தசையைக் கிள்ளியெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நுண்ணோக்கியில் தசைகளுக்கிடையே வெள்ளணுக்கள் மொய்த்திருந்தால் எதிர்ப்பு தொடங்கிவிட்டது; எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். பிறகு நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து, அந்த எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தது. 1994 ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் இந்தியாவின் முதல் வெற்றியைப் பெற்றார். இன்று மாற்று இதயம் பெறுவோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஓராண்டைத் தாண்டுகிறார்கள்.

ஆனால் தானமாக வரும் இதயங்கள் போதவில்லை. எடுத்த இதயத்தைப் பனிப்பெட்டியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பதும் ஆபத்து. அதனால்தான் இடது கீழறைக்குத் துணைநிற்கும் எல்வேட் பம்பு வந்தது. அதனால்தான் 2022 ஜனவரியில் மேரிலாந்தில் மரபணு மாற்றிய பன்றியின் இதயத்தை ஒருவருக்குப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். இவ்வளவுதானா என்று எண்ணாதீர்கள். கேப் டவுனில் கிடைத்தது 18 நாள்.

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, உங்கள் கையிலும் ஒரு நோயாளி இறக்கும் நாள் வரும். அன்று அவர் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். பிறகு அந்தக் கேஸ் ஷீட்டை முழுசாகப் படித்துவிட்டு வையுங்கள்.