ஊரில் இருக்கும் அம்மாவுக்கு

ஊரில் அம்மாவோ அப்பாவோ தனியாக இருக்க, பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்கள் தினமும் போனில் கேட்பது இரண்டே கேள்விதான். "சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?"

பதிலும் மாறாது. "அதெல்லாம் ஆச்சுப்பா."

பிள்ளை கவலைப்படக் கூடாதே என்று சொல்கிற பதில் அது. அப்படியே நம்பிவிடாதீர்கள். "பிரஷர் மாத்திரை அட்டையில இன்னும் எத்தனை இருக்கு? எண்ணிச் சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். நிலைமை புரிந்துவிடும்.

மாத்திரை வாங்கப் போக முடியவில்லை என்றால் வழி இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். பென்ஷன் வாங்குபவர் என்றால், உயிர்வாழ் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். சொல்லிவைத்தால் தபால்காரரே வீடு தேடி வந்து பதிவு செய்து தருவார்.

முதியோர் உதவிக்கென்றே நாடு முழுவதும் ஓர் இலவச எண் இருக்கிறது: 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். பெரிய எழுத்தில் எழுதி, அம்மா கண்ணில் படும்படி ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் நடுராத்திரியில் ஓடிவரப் போவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அவருடைய போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே வாங்கி, அவரிடமும் நாலு வார்த்தை பேசிவிடுங்கள்.