வாசலுக்கு வந்த பால்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

செயலாளர் அவர்கள் நம்மையும் இன்று பேசுமாறு பணித்துவிட்டார்கள். இலக்கியம் பேச நாம் புலவரல்லர். மெட்ரிக்குலேஷனோடு ரயில்வேயில் புகுந்த குமாஸ்தா. ஆகவே, நாம் நன்கறிந்த ஒருவரைப் பற்றிப் பேசுகிறோம். அவர்தாம் பால்கார பய்யா.

1980களில் இந்தப் பம்பாய்க் காலனியிலே சிறுவர்களாய் இருந்த நமக்குப் பொழுது புலர்ந்ததென்று அறிவித்தது, சைக்கிளில் தொங்கும் பால் கேன்களின் ஓசையேயாகும். உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். தமிழகத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாம். நீண்ட பிடியுள்ள அளவையால் எருமைப் பாலை அளந்து ஊற்றிய பின், பாத்திரத்தை நாம் நகர்த்தாமல் நிற்போம். கொசுறு விழ வேண்டுமல்லவா? அன்னையரோ ஒரு துளியை நகத்தின்மேல் விட்டு, அது ஓடுகிறதா, நிற்கிறதா என்று சோதிப்பார்கள். திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த அவர்களுள் பலர் முதன்முதல் கற்ற இந்திச் சொல் 'பானி' என்பதே. பாலில் ஏன் இத்தனை பானி என்று கேட்க வேண்டியிருந்தது! வராத நாளுக்குக் காலண்டரில் பெருக்கல் குறி. மாத முடிவில் அந்தக் குறிகளின்மேல் ஒரு சிறு வழக்கு.

அரசாங்கத்தின் ஆரே பாலும் அந்நாளில் உண்டு. நகரத்துள் அடைபட்டுக் கிடந்த எருமைகளை வெளியேற்றும் பொருட்டுக் கோரேகாவில் 1949ஆம் ஆண்டில் ஆரே பால் குடியிருப்பு தோன்றியது. அதை நடத்திய தாரா குரோடி அவர்கள், கொழுப்பு மிகுந்த எருமைப் பாலில் கொழுப்பு நீக்கிய பால்பொடியும் நீரும் சேர்த்து, ஏழைகளும் வாங்கத்தக்க 'டோண்டு' பாலைப் பரப்பினார். கண்ணாடிப் புட்டியின் தகடு மூடியில் உள்ள வண்ணமே பாலின் வகையைச் சொல்லும். காலிப் புட்டியைக் கழுவிக் கொடுத்தால்தான் மறுநாள் புட்டி கிடைக்கும். அந்த மூடிகளைச் சேர்த்து விளையாடிய கூட்டம் இந்தச் சபையிலும் இருக்கிறது! தொண்டு பெரிதுதான், ஆயினும் காப்பிக்கும் உறைமோருக்கும் பய்யாவின் பாலே பால் என்பது நமது துணிபு.

இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1974ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் முதல் 27ஆம் நாள் வரை அகில இந்திய ரயில்வே வேலை நிறுத்தம் நடந்தது. நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர், பலர் வேலையிழந்தனர். நாம் அப்பொழுது பிறக்கவில்லை. பெரியோர் சொல்லக் கேட்டோம். சம்பளம் நின்ற வீடுகளுக்கு மளிகைக் கடைக்காரர் கடன் கொடுக்கத் தயங்கினாராம். பய்யாவோ ஒரு நாளும் அளவைக் குறைக்கவில்லை. "குழந்தைகள் வேலை நிறுத்தம் செய்யவில்லையே" என்றாராம். அந்தப் பாக்கி சில வீடுகளில் தீபாவளி கழிந்தே தீர்ந்தது. மாத முடிவில் பெருக்கல் குறிகளை எண்ணிச் சண்டையிட்ட அன்னையர், அதன் பிறகும் சண்டையிடத்தான் செய்தார்கள். ஆனால் நகத்தில் துளி விடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு பாட்டியார் சொல்வார்.

பய்யா ஊர் திரும்பிப் பல்லாண்டுகள் ஆயின. அவருடைய மகன் இப்பொழுது இதே காலனியில் பாக்கெட்டுப் பால் போடுகிறார். நாம் எழுமுன் கதவில் பையை மாட்டிவிட்டுப் போய்விடுவதால் அவர் முகத்தை அறிந்தவர் சிலரே. இன்றைய விருந்துப் பாயசத்துக்குப் பால் கொடுத்தவர் அவரே. கடைசி வரிசையில், நீலச் சட்டையுடன் அமர்ந்திருக்கிறார். தமிழ் நன்றாகப் பேசுவார்.