எதிர்க்கரையிலிருந்து ஒரு மனு



எட்டயபுரத்தில் மைக்கைப் பிடித்தவர் பாரதியில் தொடங்காவிட்டால் ஊர் விடாது. மணிமண்டபத்தில் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அதனால் இன்று தூத்துக்குடிக்கு எதிர்க்கரையைப் பற்றிப் பேச அனுமதியுங்கள்.

2022 ஜூனில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்பவுடரும் மருந்தும் இலங்கைக்குக் கப்பலேறின. தமிழ்நாடு அரசு அனுப்பிய இரண்டாம் தவணை அது. ஒரு காலத்தில் நம் பக்கத்து சனம் பிழைப்புத் தேடிப் போன தீவு அது. அந்த நாட்டுக்கு நாம் அரிசி அனுப்பும்படி ஆனது எப்படி?

கொரோனா ஒரு காரணம்தான். முழுக் காரணம் இல்லை. 2019 நவம்பரில் 52 சதவீத வாக்கு வாங்கி கோத்தபய ராஜபக்ச ஜனாதிபதியானார். மறுமாதமே மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. வரியைக் குறைத்தால் யார்தான் கைதட்டமாட்டார்கள்? 2021-ல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசே கைவிரித்தது.

அதற்கு முந்தைய மாதம் மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வு தள்ளிப்போனது. வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை! மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. பெட்ரோலுக்கு கியூஆர் கோடு வந்தபோது பைக்குக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர். ஐந்து லிட்டரில் ஓர் ஆட்டோக்காரர் எத்தனை சவாரி அடித்து எத்தனை நாள் உலை வைப்பார்? வரிசையில் நின்றபடியே செத்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதெல்லாம் பழசு. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் அவர்கள். அன்றைக்குத் தென்னிலங்கை தங்களைக் கண்டுகொள்ளவில்லை என்கிற மனத்தாங்கல் அவர்களுக்கு உண்டு. நியாயமான மனத்தாங்கல்.

ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். நீச்சல் குளத்தில் குதித்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாலே நாளில் கோத்தபய மாலத்தீவுக்குப் பறந்தார். நாமும் அதோடு வேறு வீடியோ பார்க்கப் போய்விட்டோம்.

ஆனால் அதே ஆண்டில், இந்தச் சரிவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, சிலர் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டிருந்தார்கள். ஒருவர் வணிகர் சங்கத்தின் முன்னாள் தலைவர் சந்திரா ஜயரத்ன. இன்னொருவர் ஒலிம்பிக்கில் நீந்திய ஜூலியன் போலிங். 2023 நவம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது. கோத்தபய, மகிந்த, பசில் என்ற மூன்று ராஜபக்ச சகோதரர்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் மக்கள் வைத்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்தார்கள் என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பால் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. வழக்குச் செலவைக் கொடுக்கச் சொன்னதோடு சரி.

இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். எனக்கு அது பெரிய காரியமாகவே படுகிறது. எல்லாப் பழியையும் கொரோனா மேல் போட இனி அவர்களால் முடியாது. தவறு யாருடையது என்று நீதிமன்றமே எழுதிவிட்டது. கூட்டம் கலைந்த பிறகும் அந்தத் தாள் அங்கேயே இருக்கும்.

இந்தக் கரையிலோ, நாம் டீக்கடையில் அரசாங்கத்தைத் திட்டுவதில் சூரர்கள். பட்டா மாறுதல் இழுத்தடித்தால் மட்டும் நேராகப் புரோக்கர் வீட்டுக்குப் போகிறோம். 2005-லேயே தகவல் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். எல்லா மனுவும் ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை. பல மனுக்கள் தூங்கத்தான் செய்கின்றன. தூங்குகிறதென்று நிரூபிக்கவும் கையில் ஒரு நகல் வேண்டுமல்லவா?

உங்கள் தெருவில் முதியோர் பென்ஷனுக்கு அலைகிற ஆச்சி ஒருவர் நிச்சயம் இருப்பார். இந்த வாரமே அவருக்கு ஒரு மனு எழுதிக்கொடுங்கள். கூடவே போய், ஒப்புகைச் சீட்டை வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.