மாதாவின் தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது?

(தலைச்சோலையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதா காட்சி தந்தாரா இல்லையா என்று விவாதிக்க நான் வரவில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் விடட்டும். என் கேள்வி வேறு. கோடிக்கணக்கான ஏழைகள் "அம்மா" என்று அழைக்கும் ஒருவரின் கோயிலுக்குள் சாதி எப்படிக் குடியேறியது? அந்த மரபிலேயே அதற்கு எதிராக என்ன இருக்கிறது?

முதலில் இந்த மலையிலிருந்து தொடங்குவோம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். காப்பி வந்தது, எஸ்டேட் வந்தது, கூலி வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், மிஷனரிகளும் வந்தார்கள். 1917இல் ஏற்காட்டில் மாண்ட்போர்ட் பள்ளி தொடங்கப்பட்டது. அந்தப் பெயருக்குரியவர் 1673 முதல் 1716 வரை வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார், புனித லூயி தெ மான்ஃபோர். மாதா பக்தி பற்றி அவர் எழுதிய நூலின் கையெழுத்துப் படி ஒரு பெட்டிக்குள் கிடந்து, 1842இல்தான் வெளியே வந்தது. அன்பினால் தன்னையே மாதாவின் கையில் ஒப்படைப்பதை அவர் "அடிமையாதல்" என்று சொல்கிறார்.

அவர் காலத்துப் பிரான்சில் இன்னொரு அடிமைத்தனமும் இருந்தது. 1685இல் பிரெஞ்சு அரசு தன் காலனிகளுக்காகக் 'கறுப்புச் சட்டம்' போட்டது. அதன்படி அடிமைகளுக்கெல்லாம் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும். ஞானஸ்நானம் பெற்றாலும் அவர்கள் அடிமைகள்தான். ஞானஸ்நானம் உண்டு, விடுதலை கிடையாது. தோழர்களே, இது நம் ஊர்க் கதையும்தான்.

இப்போது மாதாவைப் பற்றி மக்கள் சொல்லும் கதைகளைப் பாருங்கள். வேளாங்கண்ணியில் யாரிடம் வந்தார்? எஜமான் வீட்டுக்குப் பால் கொண்டுபோன வேலைக்காரப் பையனிடம் வந்து, தன் குழந்தைக்குப் பால் கேட்டார். இன்னொரு முறை, மோர் விற்ற ஏழை விதவையின் கால் ஊனமுற்ற மகனிடம் மோர் கேட்டார். யார் கையால் யார் வாங்கிக் குடிக்கலாம் என்பதுதான் சாதியின் அடிப்படைச் சட்டம். டீக்கடையில் தனி டம்ளர் வைத்த நாட்டில், வேலைக்காரப் பையன் கையால் வாங்கிக் குடிக்கிற ஒரு அம்மாவை மக்கள் கதையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். 1962இல் போப் 23ஆம் யோவான் அந்தக் கோயிலைப் பசிலிக்காவாக உயர்த்தினார். அந்தக் கதையை மனதில் சுமந்துகொண்டு நடந்துபோனவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

லூர்துக்குப் போவோம். 1858இல் பெர்னதெத் என்ற 14 வயதுச் சிறுமி. நொடித்துப்போன மாவு மில்காரரின் மகள். முன்பு சிறையாக இருந்த ஒரே அறையில் குடும்பமே குடியிருந்தது. அந்தப் பெண்மணி தன்னிடம் பிரெஞ்சில் பேசவில்லை, எங்கள் வட்டாரப் பேச்சில் பேசினார் என்றாள் பெர்னதெத். அதிலும் "நீ, வா, போ" என்று பேசவில்லை. "நீங்கள் வர முடியுமா" என்று மரியாதையாகக் கேட்டார். தாத்தா வயதுத் தொழிலாளியைக் கங்காணி "வாடா போடா" என்று கூப்பிட்ட தோட்டங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த "நீங்கள்" எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை.

பிரேசிலில் 1717இல் மீனவர்கள் வலையில் சிக்கிய அபரெசிதா மாதா கறுப்பு நிறம். அவர் முன்னால் ஓர் அடிமையின் சங்கிலி கழன்று விழுந்தது என்பது அந்த மக்களின் கதை. 1930இல் அந்தக் கறுப்பு மாதாவே அந்த நாட்டின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார்.

"அப்படியானால் அமல உற்பவம்? மாசற்றவர் என்கிறார்களே, அது தூய்மைவாதம் இல்லையா?" என்று நம் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1854இல் அறிவிக்கப்பட்ட அந்தக் கோட்பாடு ஆதிப்பாவம் பற்றியது. அதன்படி மற்ற எல்லா மனிதரும் ஒரே பாவத்தில்தான் பிறக்கிறார்கள். பிறப்பால் சுத்தமான சாதி என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. இன்னொன்றும் உண்டு. லூக்கா நற்செய்தியில், பிள்ளை பெற்ற மரியா யூதச் சட்டப்படி தீட்டுக் கழிக்கும் சடங்குக்குப் போகிறார். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதி இல்லாதவர்கள் கொடுக்கும் ஜோடிப் புறாவைத்தான் அங்கே காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட, ஏழையான ஒரு தாய் அவர். அதே நற்செய்தியில் அவர் பாடும் பாட்டின் சாரம், அதிகாரத்தில் இருப்பவர்கள் கீழே இறக்கப்படுவார்கள், பசித்தவர்கள் நிறைவு பெறுவார்கள் என்பதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு எறையூரைப் பார்க்க வேண்டும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து ஊர். பெரிய கோயில் ஜெபமாலை அன்னைக்கு. தலித் கிறித்தவர்களின் சிற்றாலயம் சகாய அன்னைக்கு. இரண்டும் ஒரே மரியா. பெரிய கோயிலில் சம உரிமை கிடைக்காத தலித் கிறித்தவர்கள், சகாய அன்னை ஆலயத்தைத் தனிப் பங்காக்குங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள்மீது வன்முறை ஏவப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த இரண்டு பேர் இறந்தார்கள். அந்த இரண்டு வீட்டிலும் ஒரு தாய் அழுதிருப்பார். சாதி தன்னைத் தூக்கிச் சுமப்பவர்களையும் சேர்த்தே தின்னும்.

"ஊர் வழக்கம், என்ன செய்ய முடியும்?" என்று திருச்சபை கையை விரிக்க முடியாது. வடக்கன்குளத்தில் 1872இல், கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி, சாதிக்கு ஒரு பக்கமாகக் கோயில் கட்டினார்கள். 1910இல் அந்தத் தடுப்பை ஆயர் இடித்தார். வழக்குப் போட்ட வெள்ளாளர் தரப்பு தோற்றது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய சாட்சி அது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தன் தலித் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று சொன்னதும் அவர்களே.

அரசும் இதில் கூட்டாளி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. இந்த மலையில் ஒரு மலையாளிப் பழங்குடி ஞானஸ்நானம் பெற்றால் அவருடைய பழங்குடித் தகுதி போகாது. எஸ்டேட் லயத்தில் இருக்கும் தலித் தொழிலாளி ஞானஸ்நானம் பெற்றால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். கோயிலில் "நீ இன்ன சாதி" என்கிறார்கள், தாலுகா ஆபீசில் "உனக்குச் சாதி இல்லை" என்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, செப்டம்பர் 8 மாதா திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரைக் கேலி செய்துவிட்டு நகர்ந்தால் சாதிக்கு ஒரு கீறலும் விழாது. அவரோடு நின்று சில கேள்விகள் கேளுங்கள். தேர் எந்தத் தெருவரைக்கும் போகிறது, எங்கே திரும்புகிறது? சப்பரம் தூக்குகிறவர்கள் யார்? திருவிழா வரி எல்லார் வீட்டிலும் வாங்குகிறார்களா, சில வீடுகளை விட்டுவிடுகிறார்களா? வரி வாங்காதது சலுகை இல்லை, உரிமை மறுப்பு. பங்குப் பேரவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் இருக்கிறதா?

பதில்களை எழுதுங்கள். பங்குத்தந்தையிடம் கொடுங்கள், ஆயருக்கு அனுப்புங்கள், நம் தளத்திலும் வெளியிடுங்கள். வேலைக்காரப் பையனிடம் பால் கேட்டுவந்த தாய் என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பையனின் தெருவுக்குத் தேரை விடாமல் இருக்க முடியாது. நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

ஜெய்பீம்.