நாங்கள் கண்ட மிருகக்காட்சிச்சாலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சிறு பிராயத்திலே குடும்பத்தோடு முதன்முதலாகச் சென்று கண்ட கேளிக்கைத் தலம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். இக்காலத்து இளைஞர்க்கு இஃது எளிய பொருள். நம் எல்லவிலேயே கம்பியில் தொங்கியபடி தேயிலை மலைக்கு மேலாகப் பறக்கும் விளையாட்டு வந்துவிட்டது. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கத் தேசந்தேசமாக ஆட்கள் வருகின்றார்கள். எங்கள் சிறுவயதில் அந்தப் பாலம் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும் வழி, அவ்வளவுதான். அதைப் படம் பிடிக்கலாம் என்று எவருக்கும் தோன்றியதில்லை.

எங்கள் குடும்பம் ஒன்றாகச் சென்று கண்டது தெகிவளை மிருகக்காட்சிச்சாலை ஒன்றைத்தான். ஆண்டு 1979, சித்திரை விடுமுறை. எங்களில் மூத்தவனுக்குப் பத்து வயது, கடைக்குட்டிக்கு நான்கு. தோட்டத்திலே வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அப்படியிருக்க, பத்துப் பேர் கொழும்புக்குப் போவதென்பது லயமே கூடிப் பேசிய சங்கதியாயிற்று. செலவைப் பெரியப்பா ஏற்றுக்கொண்டார். பால்மாட்டை விற்ற பணம் அது. வீட்டிலே வளர்ந்த மாட்டை ஏன் விற்றார் என்று நாங்கள் கேட்கவில்லை. சிறுவர்களுக்குப் பயணம் ஒன்றே பெரிது.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மிஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் இரு அரசாங்கங்களும் முடிவு செய்தன. அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். தேயிலை வாடாமல் பார்த்துக்கொண்ட சனங்களிடம் ஒரு வார்த்தை கேட்டவர் எவருமில்லை. எங்கள் வீட்டிலே அப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அப்பாயியின் பெயர் பெரியப்பாவின் பத்திரத்திலே சேர்ந்தது. மூத்த மகனோடு தாய் இருப்பதுதானே முறை? கண்டியிலிருந்து பாஸ்போட்டும் கைக்கு வந்துவிட்டது. “போறதுக்கு முன்னாடி எல்லாருமா ஒரு தடவ கொழும்பப் பாத்துட்டு வந்துருவோம்” என்று பெரியப்பா சொன்னாராம். இவ்வளவும் பின்னாளில் அம்மா சொல்லி நாங்கள் அறிந்தவை.

பெரியப்பா வீட்டார் தெமோதரையில் மெயில் கோச்சி ஏறினார்கள். அங்கே தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து, ஸ்டேசனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாகத் தன்னையே கடந்து செல்லும். அதைப் பார்த்துவிட்ட பெருமையோடு அண்ணனும் தங்கச்சியும் எல்ல ஸ்டேசனில் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூவினார்கள். நாங்கள் ஏறினோம். பண்டாரவளை, அப்புத்தளை, ஒகிய கடந்து பட்டிப்பொலைக்கு வருகையில் குளிர் எலும்பைக் குத்திற்று. அஃது 6,226 அடி உயரம். நம் நாட்டிலே கோச்சி ஏறும் ஆக உயர்ந்த ஸ்டேசன். அப்பாயி தன் கம்பளியைப் பேரப்பிள்ளைகள் ஐவர் மேலும் இழுத்து இழுத்துப் போர்த்தினாள். ஒருவருக்கும் அது முழுதாக எட்டவில்லை.

விடியலிற் கோட்டை ஸ்டேசன். அங்கிருந்து தெகிவளைக்குக் கரையோர வண்டி. கொள்ளுப்பிட்டி தாண்டும்போது கடல் தண்டவாளத்தின் பக்கத்திலேயே வந்துவிட்டது. நாங்கள் கத்தினோம். அப்பாயி கத்தவில்லை. யன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, “இதையா தாண்டணும்?” என்றாள். “இல்லம்மா, நம்ம தாண்டுறது தலைமன்னார்ல. அது சின்னக் கடல்” என்றார் பெரியப்பா. பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாயி இந்த மலையிலே பிறந்தவள். கடலை அன்றுதான் கண்டாள். கடல் கடந்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள் அவளைப் பெற்றவர்கள்.

மிருகக்காட்சிச்சாலையின் கதை சுவையானது. ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர் தொடங்கிய இடம் அது. வெளிநாடுகளுக்குக் கப்பலேற்ற வேண்டிய விலங்குகளை அங்கே தங்கவைத்தார். அவருடைய கம்பனி முறிந்தபின் 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. நாங்கள் சிம்பன்சியைப் பார்த்துச் சிரித்தோம், பாம்புக் கூட்டின் முன்னே ஒருவரை ஒருவர் தள்ளினோம். கண்ணாடிக்குள் நீந்திய மீன்களை விட்டுக் கடைக்குட்டியை இழுத்துவருவது பெரும்பாடாயிற்று. சிறுத்தைக் கூட்டின் முன்னே அப்பாயி, “இதுக்கா காசு குடுத்தோம்? நம்ம மலைல சும்மாவே வந்து நாயத் தூக்கிட்டுப் போகுதே” என்று சொல்ல, அருகில் நின்ற சிங்களப் பெண்மணி ஒருத்தி பொருள் விளங்காமலே சேர்ந்து சிரித்தாள்.

மாலையிலே யானைகளின் ஆட்டம். முதல் யானை தும்பிக்கையைத் தூக்கி வணக்கம் செய்தபோது அப்பாயி “பிள்ளையாரப்பா” என்று கைகூப்பினாள். அடுத்து யானைகள் பின்னங்காலில் நின்றன, தாளத்துக்கு ஆடின. கூட்டம் கைதட்டியது, நாங்களும் தட்டினோம். அவளோ கூப்பிய கையை எடுக்காமலே தலையைக் குனிந்துகொண்டாள். “சாமிய இப்பிடியா ஆட்டுறது?” என்றாள். இன்று வளர்ந்தவர்களாக நினைத்துப் பார்க்கையில், அந்தக் கூட்டத்திலே சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்தியே என்று எங்களுக்குப் படுகின்றது.

வெளியே வரும்போது படம் பிடிப்பவர் ஒருவர் எங்களை மறித்தார். ஒரு படத்துக்குத்தான் பெரியப்பா காசு கொடுத்தார். இரண்டு கிழமை கழித்து அது தபாலில் வந்தது.

அவ்வாண்டு கார்த்திகையிலே அவர்கள் போனார்கள். இந்தியா போகிறவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பார்கள். இங்கிருக்கும் பெரியோருக்கு அதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. எல்ல ஸ்டேசனில் வண்டி நின்றது சில நிமிடந்தான். அதே யன்னல் வழியாக அண்ணனும் தங்கச்சியும் தலையை நீட்டினார்கள். அப்பாயி அந்தக் கம்பளியை வெளியே தள்ளினாள். “அங்க வெயிலாம்ல, எனக்கு எதுக்கு?” என்றாள். பெரியப்பா மடியிலிருந்து படத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். “நீயே வச்சுக்க தம்பி. எங்களுக்குப் பாஸ்போட்டுல படம் இருக்கு.”

இராமானுஜம் கப்பலிற் போய் இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அங்கே அவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். கடல் கடந்து வெளியே சென்றிராத அப்பாயியும் திரும்பியவளாகவே எழுதப்பட்டாள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாட்டு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் இருந்தன. கூடலூர்ப் பக்கத்திலே அத்தகைய தோட்டமொன்றில் பெரியப்பாவுக்கு வேலை கிடைத்தது. முதற் கடிதத்திலே, “இங்கயும் அதே கொழுந்துதான், அதே குளிர்தான். அம்மா கம்பளி கேட்டு அழுகுது” என்று எழுதியிருந்தார். அப்பா மறுநாளே அதை மூட்டை கட்டித் தபாற்கந்தோருக்குப் போனார். அது போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வந்தது. அப்பாயி போர்த்தினாளா என்பதற்குப் பதில் வரவில்லை. 1984இல் கப்பலும் நின்றது. அப்பா காத்திருந்த பிரசாவுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே முழுதாகத் தீர்ந்தது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

அந்தப் படம் எங்களிடம் இருக்கின்றது. இன்று கொண்டுவந்திருக்கின்றோம், கூட்டம் முடிந்தபின் பார்க்கலாம். பத்துப் பேர் நிற்கின்றோம். ஒன்பது பேர் கமராவைப் பார்க்கின்றோம். அப்பாயி மட்டும் எங்கள் பக்கம் திரும்பி, எவன் சட்டைப் பொத்தானையோ பூட்டிக்கொண்டிருக்கின்றாள்.